ஆட்டிசம் பிள்ளைகளின் வயிற்றுக் கோளாறு: பாலையும் கோதுமையையும் நிறுத்துவதற்கு முன் பெற்றோர் அறிய வேண்டியவை

"பிள்ளைக்குப் பாலை நிறுத்துங்கள், ரொட்டியை நிறுத்துங்கள், மூன்றே மாதத்தில் பேச ஆரம்பித்துவிடுவான்." ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோருக்கு இப்படியொரு தகவல் வாட்சாப்பில் வராமல் இருப்பது அரிது. சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். கேட்கும் பெற்றோருக்கும் எதையாவது செய்து பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு. பால் பாட்டில் ஒரே நாளில் குப்பைக்குப் போகிறது. பிஸ்கட் டின் பரண்மேல் ஏறுகிறது. ஏற்கெனவே நான்கைந்து உணவை மட்டுமே தொடும் பிள்ளைக்கு, அதிலும் இரண்டு குறைந்துவிடுகிறது.

கோலா கிளாவாங்கிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் வாழும் குடும்பங்களுக்கு இந்த விஷயத்தில் இன்னொரு சிரமமும் உண்டு. ஜெலுபு மாவட்டத்தின் தலைநகரான இங்கு ஜெலுபு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் சிறப்பு மருத்துவம் தேவைப்படும்போது, பெரும்பாலும் புக்கிட் தங்கா மலைச்சாலையின் வளைவுகளைக் கடந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரு நாள் வேலையை விட்டு, வாகனம் ஏற்பாடு செய்து, கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாத பிள்ளையைச் சமாளித்துக்கொண்டு போய்வருவது எளிதல்ல. "வீட்டிலேயே சாப்பாட்டை மாற்றிப் பார்ப்போம்" என்று பெற்றோர் நினைப்பதில் வியப்பில்லை.

சாப்பாட்டை மாற்றுவதில் தவறில்லை. ஆனால் எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம். பிள்ளைக்கு உண்மையிலேயே வயிறு வலிக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று பார்த்து, அதற்கு மருத்துவம் செய்வதுதான் முதல் வேலை. உணவை நீக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

வயிற்றுக் கோளாறு கற்பனை அல்ல

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வயிற்றுத் தொல்லை அதிகம் என்று பெற்றோர் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 2014-ஆம் ஆண்டு 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில், அதுவரை வந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரை ஒன்று வெளியானது. மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் ஆட்டிசம் பிள்ளைகளுக்கு வயிற்றுத் தொல்லைகள் ஏறக்குறைய 4 மடங்கு கூடுதலாகக் காணப்படுகின்றன என்று அது காட்டியது. மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி ஆகிய மூன்றும் அதில் அடங்கும்.

பேச்சு வராத பிள்ளையால் "அம்மா, வயிறு வலிக்கிறது" என்று சொல்ல முடியாது. பேசும் பிள்ளைகளிலும் சிலருக்கு வலி எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரியாது. அந்த வலி வேறு விதங்களில் வெளிப்படுகிறது. மேசை விளிம்பிலோ நாற்காலிக் கையிலோ வயிற்றை வைத்து அழுத்துவது, உடலை வில்லாக வளைப்பது, அடிக்கடி தொண்டையைச் செருமுவது, சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டே இருப்பது, இரவில் திடீரென்று எழுந்து அழுவது, தன்னைத்தானே அடித்துக்கொள்வது, சாப்பிட்டவுடன் கோபப்படுவது போன்றவை வலியின் அடையாளமாக இருக்கலாம்.

2010-இல் அதே இதழில் மருத்துவ நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட பரிந்துரையும் இதைத்தான் வலியுறுத்தியது. ஒரு பிள்ளையின் நடத்தை திடீரென்று மோசமானால், "ஆட்டிசம் அப்படித்தான்" என்று தள்ளிவிடாமல் உடலில் வலி இருக்கிறதா என்று தேட வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு எவ்வளவு கவனமாகப் பரிசோதனை செய்வோமோ அதே கவனம் இவர்களுக்கும் வேண்டும் என்பது அதன் சாரம். கிளினிக்கில் "இது ஆட்டிசத்தால் வருவது" என்று யாராவது சுருக்கமாகச் சொல்லி அனுப்பினால், வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்படி பெற்றோர் பணிவாகக் கேட்கலாம். அது அந்தப் பிள்ளையின் உரிமை.

மலச்சிக்கல்: பெரும்பாலும் கண்ணில் படாத காரணம்

வாரத்திற்கு இரண்டு முறை அல்லது அதற்கும் குறைவாக மலம் கழிப்பது, மலம் ஆட்டுப் புழுக்கை போல உருண்டையாகவோ மிகத் தடிமனாகவோ வருவது, முக்கி அழுவது, மலம் வரும்போது கால்களை இறுக்கிக்கொண்டு மூலையில் நிற்பது ஆகியவை மலச்சிக்கலின் அறிகுறிகள். மூலையில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, மலம் கழிக்க முயல்கிறான் என்று நாம் நினைப்போம். பல வேளைகளில் அவன் வலிக்குப் பயந்து மலத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறான்.

பல குடும்பங்களைக் குழப்பும் இன்னொரு நிலையும் உண்டு. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் கெட்டியான மலம் அடைத்துக்கொண்டால், மேலே இருக்கும் நீர்த்த மலம் அதன் ஓரமாகக் கசிந்து உள்ளாடையில் படியும். வீட்டில் இதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி, வாழைக்காயும் கெட்டிக் கஞ்சியும் கொடுத்து, மலத்தை இன்னும் கட்டவைக்கும் மருந்தையும் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அடைப்பு மேலும் இறுகுகிறது. ஒரு நாளில் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளாடை அழுக்காகிறது, ஆனால் முழுமையாக மலம் கழித்து நாளாகிறது என்றால், மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது அவசியம்.

மலச்சிக்கலுக்குக் கிளினிக்கில் பொதுவாக லாக்டுலோஸ் என்ற இனிப்பான பாகு மருந்தோ மேக்ரோகோல் என்ற தூளோ கொடுப்பார்கள். இவை குடலில் நீரைத் தங்கவைத்து மலத்தை இளக்குகின்றன. "மருந்து பழகிவிடும், பிறகு தானாக மலம் வராது" என்ற பயத்தில், நான்கு நாள் சரியானதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். விரிந்துபோன குடல் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். மருத்துவர் சொல்லும் வரை தொடர்ந்து கொடுத்து, மெல்ல மெல்லக் குறைப்பதே முறை.

நம் வீடுகளில் மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவும் பழக்கம் இருந்தது. சில பாட்டிமார் இன்னும் அதைச் சொல்வார்கள். அது குடலைப் பிடித்து வலியோடு தள்ளும். வலிக்குப் பயந்து மலத்தை அடக்கும் பிள்ளைக்கு அந்தப் பயம் இரட்டிப்பாகும். மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் இன்றே தொடங்கக்கூடியவை

மருந்தோடு சேர்த்து, செலவில்லாத சில வழிகள் உண்டு.

முதலாவது, பாலின் அளவைக் கணக்கிடுங்கள். சாப்பாடு இறங்காத பிள்ளைக்குப் பால் பாட்டில்தான் அடைக்கலம். நாளைக்கு 5, 6 பாட்டில் குடிக்கும் பிள்ளைகள் உண்டு. அவ்வளவு பால் வயிற்றை நிரப்பிவிடுவதால் பசி எடுக்காது, மலம் கட்டும், இரும்புச்சத்துக் குறைவும் வரும். சிறு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் பால் போதும். அளவைக் குறைப்பது வேறு, பாலை அடியோடு நிறுத்துவது வேறு. "பாலை நிறுத்தினோம், பிள்ளை தெளிவாகிவிட்டான்" என்று சொல்லும் சில வீடுகளில், அதிகப்படியான பால் குறைந்து, மலச்சிக்கல் தீர்ந்து, பிள்ளைக்கு நிம்மதியான தூக்கம் கிடைத்திருக்கலாம்.

இரண்டாவது, நார்ச்சத்தும் நீரும். பிள்ளையின் வயதோடு 5-ஐக் கூட்டினால் வரும் எண்ணிக்கை, ஒரு நாளைக்குத் தேவையான நார்ச்சத்தின் ஏறக்குறைய கிராம் கணக்கு என்று ஓர் எளிய வழிகாட்டி உண்டு. 6 வயதுப் பிள்ளைக்கு 11 கிராம். பப்பாளி, கொய்யா, பருப்பு, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, கங்கோங், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் நம் வீட்டுப் பின்புறத்திலும் இரவுச் சந்தையிலும் கிடைப்பவைதான். நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரையும் கூட்டுங்கள். குடலில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் முதலில் மருந்தால் அதை நீக்கிவிட்டுத்தான் நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, உட்காரும் பழக்கம். சாப்பிட்ட சிறிது நேரத்தில் குடல் இயல்பாகவே அசையத் தொடங்கும். காலை உணவுக்குப் பிறகும் இரவு உணவுக்குப் பிறகும் 5 முதல் 10 நிமிடம் கழிப்பறையில் உட்கார வையுங்கள். கால் தொங்காமல் இருக்க ஒரு சிறு முக்காலியோ கவிழ்த்த வாளியோ போடுங்கள். முட்டி இடுப்பைவிடச் சற்று உயரமாக இருந்தால் மலம் எளிதாக இறங்கும். பழைய குந்தும் கழிப்பறையில் இந்த வசதி இயல்பாகவே இருந்தது. ஆட்டிசம் பிள்ளைக்குக் கழிப்பறையின் எதிரொலி, நாற்றம், ஈரத் தரை எதுவும் தடையாக இருக்கலாம். எது தடை என்று கவனித்து அதை மாற்றுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை என்று படம் வரைந்து சுவரில் ஒட்டினால் பல பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

பால், கோதுமை நீக்கம்: இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

இனி அந்த வாட்சாப் தகவலுக்கு வருவோம். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள புரதத்துக்கு குளூட்டன் என்று பெயர். பாலில் உள்ள முக்கியப் புரதம் கேசீன். 1979-இல் யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர், மூளையில் அபின் போன்ற பொருள்களின் மிகுதிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஓர் ஊகத்தை முன்வைத்தார். பிறகு நார்வே நாட்டின் கார்ல் ரைக்கெல்ட் போன்றோர், குளூட்டனும் கேசீனும் சரியாகச் செரிக்காமல் அபின் போன்ற துணுக்குகளாகி, குடலிலிருந்து கசிந்து மூளையைத் தாக்குகின்றன என்று வாதிட்டனர். இந்த இரண்டு புரதங்களையும் நீக்கும் உணவுமுறை இப்படித்தான் உலகெங்கும் பரவியது.

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் 2008-இல் இலண்டன் மருத்துவர்கள் நுட்பமான கருவிகளைக் கொண்டு ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் சிறுநீரைச் சோதித்தபோது, அந்த அபின் போன்ற துணுக்குகள் அதில் காணப்படவில்லை.

உணவுமுறையையே நேரடியாகச் சோதித்த ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சூசன் ஹைமன் தலைமையில் நடந்த அந்த ஆய்வில் 14 சிறு பிள்ளைகள் இறுதிவரை இருந்தனர். எல்லோருக்கும் உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் குளூட்டனும் கேசீனும் இல்லாத உணவு கொடுக்கப்பட்டது. சில வாரங்கள் கழித்து, வாரம் ஒருமுறை ஒரு சிற்றுண்டி. ஒரு வாரம் அதில் கோதுமை இருக்கும், இன்னொரு வாரம் பால் இருக்கும், இன்னொரு வாரம் இரண்டும் இருக்கும், வேறொரு வாரம் எதுவுமே இருக்காது. எந்த வாரம் எது என்று பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரியாது. பிள்ளைகளைக் கவனித்தவர்களுக்கும் தெரியாது. கவனம், தூக்கம், மலம், நடத்தை எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2016-இல் இதழில் வந்த இந்த ஆய்வு சிறியது. கோதுமை ஒவ்வாமை, சிலியாக் நோய் போன்றவை உள்ள பிள்ளைகள் இதில் சேர்க்கப்படவும் இல்லை. அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுவே கடைசித் தீர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், தெரியாமல் கொடுக்கும்போது மாற்றம் தெரியவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

இங்கிலாந்தின் நைஸ் எனப்படும் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளுக்காகக் குளூட்டன் நீக்கம், கேசீன் நீக்கம் போன்ற உணவுமுறைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது.

குடல் கெட்டதால் ஆட்டிசமா, ஆட்டிசத்தால் குடல் கெட்டதா?

"குடலில் உள்ள நல்ல கிருமிகள் குறைந்துவிட்டன, அதனால்தான் ஆட்டிசம்" என்று சொல்லி விலையுயர்ந்த புட்டிகளை விற்போரும் உண்டு. 2021-இல் 'செல்' என்ற அறிவியல் இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 247 பிள்ளைகளின் மல மாதிரிகளை ஆராய்ந்து எழுதினார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், அவர்களின் உடன்பிறப்புகள், உறவில்லாத மற்ற பிள்ளைகள் என மூன்று தரப்பும் அதில் இருந்தன. ஆட்டிசத்துக்கும் குடல் கிருமிகளுக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவாகவே தென்பட்டது. ஆட்டிசத்தின் காரணமாகப் பிள்ளை சில உணவுகளை மட்டுமே சாப்பிடுகிறது, உணவு வகை சுருங்கியதால் குடல் கிருமிகளின் வகையும் சுருங்குகிறது, மலமும் இளகிப்போகிறது என்பதே அவர்கள் காட்டிய வரிசை.

இது நமக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. பிள்ளையின் குடல் நன்றாக இருக்க வேண்டுமானால், அவன் தட்டில் உள்ள உணவு வகைகள் கூட வேண்டும். நீக்கும் உணவுமுறையோ அதைக் குறைக்கிறது.

நீக்கினால் என்ன நட்டம்?

முதல் நட்டம் எலும்புக்கு. 4 முதல் 8 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. ஒரு கோப்பைப் பாலில் 300 மில்லிகிராம் அளவு இருக்கிறது. அமெரிக்காவில் 4 முதல் 8 வயதான 75 ஆட்டிசம் சிறுவர்களின் கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து 2008-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களின் எலும்பு பொதுவாகவே மெலிந்திருந்தது. பால் நீக்கப்பட்டவர்களுக்கு இன்னும் மெலிந்திருந்தது.

இரண்டாவது நட்டம் பிள்ளையின் எடைக்கு. சோறு தொடாமல் பிஸ்கட்டும் பாலும் மட்டுமே சாப்பிடும் பிள்ளையிடமிருந்து அந்த இரண்டையும் பிடுங்கினால், அவன் வேறொன்றுக்குத் தாவிவிடுவான் என்று எதிர்பார்க்க முடியாது. "இரண்டு நாள் பட்டினி போட்டால் தன்னால் சாப்பிடும்" என்பது நம்மிடையே பழகிப்போன பேச்சு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலர் பசித்தாலும் புதிய உணவைத் தொட மாட்டார்கள். மிகக் குறுகிய உணவால் வைட்டமின் சி குறைந்து ஈறில் இரத்தம் கசிந்து நடக்க முடியாமல் போன பிள்ளைகளையும், வைட்டமின் ஏ குறைந்து பார்வை இழந்த பிள்ளைகளையும் மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

மூன்றாவது நட்டம் பணத்துக்கு. குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட ரொட்டியும் மாவும் சாதாரணப் பொருளைவிடப் பன்மடங்கு விலை. அந்தப் பணத்தில் பிள்ளையைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லலாம்.

யாருக்கு நீக்கம் உண்மையில் தேவை?

சில பிள்ளைகளுக்குப் பாலோ கோதுமையோ உண்மையிலேயே ஆகாது. ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு அது ஆகாது.

பால் குடித்த ஓரிரு மணி நேரத்தில் வயிறு உப்பி, காற்று பிரிந்து, நீராகப் போனால், பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் இருக்கலாம். ஆசிய மக்களிடையே வயது ஏற ஏற இது மிகச் சாதாரணம். இவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். பால் குடித்தவுடன் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் அது ஒவ்வாமை. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கோதுமையின் குளூட்டனால் குடல் புண்ணாகும் நோய் சிலியாக். எடை ஏறாமை, இரத்தச்சோகை, தொடர்ந்த வயிற்றுப்போக்கு ஆகியவை அதன் அடையாளங்களில் சில. அதை இரத்தப் பரிசோதனையால் தேடலாம். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். குறைந்தது 6 வாரமாவது தினமும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கும் பரிசோதனையே நம்பத்தக்கது. அதனால்தான் "முதலில் நிறுத்திப் பார்ப்போம், பிறகு மருத்துவரைப் பார்ப்போம்" என்ற வரிசை தவறு.

முயன்றே பார்ப்பதென்றால்...

எல்லாம் கேட்ட பிறகும் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும் என்று சில பெற்றோர் நினைக்கலாம். அதை மறைக்க வேண்டாம். மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் சொல்லி, முறையாகச் செய்யுங்கள். பாலையும் கோதுமையையும் ஒன்றாக நிறுத்தாமல் ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். அதே நேரத்தில் புதிய மருந்தையோ புதிய பயிற்சியையோ தொடங்காதீர்கள். தொடங்கினால் எதனால் மாற்றம் வந்தது என்று தெரியாமல் போகும். நிறுத்துவதற்கு முன் இரண்டு வாரம் மலம், தூக்கம், அழுகை ஆகியவற்றைக் குறித்து வைத்து, நிறுத்திய பின் 4 முதல் 6 வாரம் அதேபோலக் குறியுங்கள். பிறகு அந்த உணவைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். வேறுபாடு இல்லையென்றால் பழைய உணவுக்கே திரும்பிவிடலாம். பெற்றோர் தோற்றுப்போனதாக அதற்குப் பொருள் இல்லை.

நம் உணவில் ஒரு வசதி உண்டு. சோறு, இட்டிலி, இடியாப்பம், அரிசிப் புட்டு, கேழ்வரகுக் கூழ், பருப்பு, மீன், முட்டை எதிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை. ரொட்டி சானாய், சப்பாத்தி, மஞ்சள் மீ, மெகி, கிரீம் கிரேக்கர், கோதுமை ரவை ஆகியவற்றில் உண்டு. மைலோவில் பார்லி மால்ட்டும் பால் தூளும் இரண்டுமே உண்டு. சோற்றில் ஊற்றும் கிச்சாப்பில் பெரும்பாலும் கோதுமை சேர்ந்திருக்கும். கடையில் வாங்கும் பெருங்காயத் தூளிலும் கோதுமை மாவு கலப்பது வழக்கம். பையில் அச்சிட்டுள்ள பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள்.

பாலை நிறுத்தும் வீட்டில் கால்சியத்துக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். எலும்போடு சாப்பிடும் நெத்திலி, கேழ்வரகு, தௌஃபூ, கால்சியம் சேர்த்த சோயாப் பால், கீரை ஆகியவை உதவும். பாதாம் பாலில் புரதம் மிகக் குறைவு. அதைப் பசும்பாலுக்குச் சமமாக எண்ண வேண்டாம். பள்ளியில் கொடுக்கும் உணவு பற்றி ஆசிரியரிடமும் சிற்றுண்டிச் சாலையிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தட்டை விரிவாக்குவது எப்படி?

ஆட்டிசம் பிள்ளை உணவை மறுப்பதைப் பிடிவாதம் என்று பார்க்கக் கூடாது. வழவழப்பு, வாசனை, நிறம், மொறுமொறுப்பு எல்லாம் அவனுக்கு நம்மைவிடப் பலமடங்கு பெரிதாகத் தெரியலாம். குழம்பு பட்ட சோறு நமக்குச் சுவை. அவனுக்கு அது ஒட்டிக்கொள்ளும் தொல்லை.

அவன் ஏற்கும் உணவிலிருந்தே தொடங்குங்கள். வெறும் சோறு சாப்பிடுகிறானா? ஓரத்தில் ஒரு கரண்டி பருப்புத் தண்ணீர் விட்டுப் பழக்குங்கள். சில வாரம் கழித்து மசித்த பருப்பு. இட்டிலி பிடிக்குமென்றால் மாவில் ஒரு கரண்டி கேழ்வரகு மாவு. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். புதிய உணவைத் தனிக் கிண்ணத்தில், பட்டாணி அளவு மட்டும் வையுங்கள். பார்ப்பது, தொடுவது, முகர்வது, நக்குவது, கடிப்பது என்று படிப்படியாகப் போகட்டும். ஓர் உணவைப் பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். மூன்றாம் நாளே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்ட வேண்டாம்.

அவனுக்குப் பிடித்த உணவுக்குள் கீரையையோ மருந்தையோ ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால், இருந்த ஒரு உணவையும் அவன் ஒதுக்கிவிடக்கூடும். வாயைத் திறந்து ஊட்டுவதும், அடித்து ஊட்டுவதும் கூடாது. மூன்று வேளை உணவு, இரண்டு வேளை சிற்றுண்டி என்று நேரம் வைத்து, இடையில் பாலும் பிஸ்கட்டும் கொடுக்காமல் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் பசி எடுக்கும். மண், சுண்ணாம்பு, தாள் தின்னும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை வேண்டும்.

எங்கே போவது, எதைக் கொண்டுபோவது?

முதல் படி அருகில் உள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசம் அறிகுறிகளைக் கேட்கும் கேள்வித்தாள் இருக்கிறது. சிறு பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அதை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். சிரம்பானுக்கு அனுப்பும் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது, குழந்தை நல மருத்துவரோடு உணவியல் நிபுணரையும் சேர்த்து எழுதும்படி கேளுங்கள். ஒரே நாளில் இருவரையும் பார்க்க முடியுமா என்றும் விசாரித்தால் ஒரு பயணம் மிச்சமாகும்.

சமூக நல இலாகாவில் பதிவு செய்து ஓகேயூ அட்டை எடுத்தால் அரசு மருத்துவமனைகளில் கட்டணச் சலுகை கிடைக்கும். அதே இலாகாவின் கீழ் இயங்கும் பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் பற்றியும் அங்கேயே கேட்கலாம். பெற்றோரும் நிபுணர்களும் சேர்ந்து 1986-இல் தொடங்கிய நாசோம் எனப்படும் தேசிய ஆட்டிசம் சங்கத்திடமும் ஆலோசனை பெறலாம்.

மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, ஓயாத வாந்தி, வயிறு கல்லாகி உப்புவது, எடை குறைவது, காய்ச்சலோடு வயிற்றுவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் நாள் குறித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆட்டிசத்தைக் குணமாக்கும் என்று சொல்லி விற்கப்படும் "அதிசயக் கனிமச் சொட்டு மருந்து" எதையும் பிள்ளையின் வாயில் விடாதீர்கள். அதில் இருப்பது துணி வெளுக்கும் இரசாயனத்துக்கு ஒப்பானது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-லும் 2019-லும் எச்சரித்திருக்கிறது.

கிளினிக்குக்குப் போகும் முன், பழைய பள்ளி நோட்டு ஒன்றில் இரண்டு வாரத்துக்கு இவற்றை எழுதி வையுங்கள்: பிள்ளை என்ன சாப்பிட்டான், எத்தனை பாட்டில் பால் குடித்தான், எந்த நாள் மலம் போனான், அது உருண்டையா, மெத்தென்றா, தண்ணீரா, எந்த நேரத்தில் அழுதான், இரவில் எத்தனை முறை எழுந்தான், என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள். சில மருந்துகளே மலத்தைக் கட்டவைக்கும் அல்லது பசியைக் குறைக்கும் என்பதால் கடைசி வரி முக்கியம். வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பதையோ உடலை வளைப்பதையோ கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் பிள்ளை அதைச் செய்து காட்ட மாட்டான். மலாயிலோ ஆங்கிலத்திலோ சரளமாகச் சொல்ல வராத பெற்றோருக்கு அந்த நோட்டும் அந்தப் படமும் பேசும்.